முதலில் யார்?

பிரான்ஸில் கார் ஓட்டிய முதல் அரை மணி நேரத்தில் ஏழெட்டுத் தடவையாவது கண்ணாடியைத் துடைத்திருப்பேன். மழை இல்லை, தூசியும் இல்லை. திரும்புவதற்கு முன்னால் இண்டிகேட்டர் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் வைப்பரைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். என் கை பழகிய காரில் இண்டிகேட்டர் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் இருக்கும். அங்கே வாடகைக்கு எடுத்த காரில் அது இடப்பக்கம். “மழையே இல்லையே, எதைத் துடைக்கிறீங்க?” என்று மனைவி முதல் தடவை கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். வைப்பர் ஓடினாலே “ஓ, திரும்பப் போறோமா” என்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினாள். பின்னால் வந்த வண்டிக்காரருக்குத்தான் அந்தக் குறிப்பு விளங்கியிருக்காது.

வெளிநாட்டில் கார் ஓட்டுவதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் இந்த வைப்பர் கதையைத்தான் சொல்வார்கள், எனக்கும் ஒன்று இருக்கட்டுமே என்று சொல்லிவிட்டேன். ஆனால் அன்றைக்கு என்னை உண்மையில் உலுக்கியது வேறு. ஒரு சின்ன கிராமத்தின் நடுவே போய்க்கொண்டிருந்தேன். நான் இருந்தது பெரிய சாலை. வேகம் 50-க்குள். வலப்பக்கம் இரண்டு கல் வீடுகளுக்கு இடையே ஒரு சந்து. இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் உரசிக்கொள்ளும், அவ்வளவுதான் அகலம். அதிலிருந்து ஒரு பழைய வெள்ளைக் கார், பிரேக்கில் கால் வைக்காமல், நேராக என் முன்னால் வந்து நின்றது. இல்லை, நிற்கவில்லை. வந்து, திரும்பி, போய்க்கொண்டே இருந்தது. நான் பிரேக்கை மிதித்த மிதியில் பின் சீட்டுத் தண்ணீர் பாட்டில் உருண்டு என் காலடிக்கு வந்தது. அந்தக் காரை ஓட்டியவர் எழுபது வயதுப் பாட்டி. போகிறபோக்கில் என்னை ஒரு பார்வை பார்த்தார். தப்புச் செய்த பள்ளிக்கூடப் பையனை டீச்சர் பார்க்கும் பார்வை.

எனக்குக் கோபமான கோபம். சந்திலிருந்து வருகிறவர் நின்று பார்த்துத்தானே வரவேண்டும்? இரவு தங்குமிடத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்தபிறகுதான், தப்பு முழுக்க என்னுடையது என்று தெரிந்தது. பிரான்ஸில் ஒரு சந்திப்பில் சிக்னலோ பலகையோ கோடோ எதுவும் இல்லை என்றால், வலப்பக்கமிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. சாலை பெரிதா சிறிதா என்பது கணக்கே இல்லை. அந்தச் சந்து என் வலப்பக்கம் இருந்தது, முடிந்தது கதை. பாட்டி நிற்காமல் வந்ததை அசட்டுத் துணிச்சல் என்று நினைத்திருந்தேன். நிற்கவேண்டிய ஆள் நான் என்று அவருக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும்.

அதைவிட வெட்கம் இன்னொன்று. வழியெல்லாம் வெள்ளை விளிம்பு போட்ட மஞ்சள் சாய்சதுரப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். ஏதோ சுற்றுலாப் பாதையின் அடையாளம் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். அந்தப் பலகைக்கு “இந்தச் சாலையில் நீதான் முதலில்” என்று அர்த்தம். அதே சாய்சதுரத்தின் மேல் கறுப்புக் கோடு இழுத்திருந்தால் “உன் ராஜ்ஜியம் இத்தோடு முடிந்தது, இனி வலப்பக்கத்தைப் பார்” என்று அர்த்தம். கிராமத்துக்குள் நுழையும்போது அந்தக் கோடு போட்ட பலகையைக் கடந்துதான் போயிருக்கிறேன். ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்திலும் வலப்பக்க முன்னுரிமை உண்டு. மஞ்சள் சாய்சதுரமும் ஐரோப்பாவில் பல நாடுகளில் உண்டு.

அந்த இரவுக்குப் பிறகு எந்த நாட்டில் வண்டி எடுப்பதாக இருந்தாலும் நான் முதலில் தேடிப் படிப்பது ஒரே ஒரு விஷயத்தைத்தான். இரண்டு வண்டிகள் ஒரே இடத்துக்கு வந்தால் அங்கே முதலில் யார் போவது? வேக வரம்பைப் பலகை சொல்லிவிடும். மதுவைத் தொடாவிட்டால் மது வரம்பைப் பற்றிய கவலையே இல்லை. சீட் பெல்ட் போடாவிட்டால் காரே கத்தும். ஆனால் யார் முதலில் என்பது பெரும்பாலும் எங்கும் எழுதியிருக்காது. ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் எழுதி வைப்பதில்லை.

ரவுண்டானாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வட்டத்துக்குள் சுற்றுகிறவருக்கு முன்னுரிமை, நுழைகிறவர் காத்திருக்கவேண்டும். இப்போது பெரும்பாலான நாடுகளில் இதுதான். பிரான்ஸின் சாதாரண ரவுண்டானாக்களிலும் இதுதான், பலகையும் வைத்திருப்பார்கள். ஆனால் பாரிஸில் வெற்றி வளைவைச் சுற்றி ஓடும் அந்தப் பெரிய வட்டத்தில் கதையே தலைகீழ். 12 அகன்ற சாலைகள் அதில் வந்து சேருகின்றன. தரையில் லேன் கோடுகள் கிடையாது. அங்கே நுழைகிறவருக்குத்தான் முன்னுரிமை, ஏனென்றால் அவர் வலப்பக்கமிருந்து வருகிறார். சுற்றிக்கொண்டிருப்பவர் நின்று வழிவிடவேண்டும். நான் அதில் ஓட்டவில்லை. வளைவின் மேலே ஏறி நின்று அரை மணி நேரம் வேடிக்கை பார்த்தேன், அதுவே போதும் என்று இருந்தது. ஐஸ்லாந்தில் இன்னொரு விதம். இரண்டு லேன் ரவுண்டானாவில் உள்வட்டத்தில் இருப்பவர் வெளியேற வந்தால் வெளிவட்டத்தில் இருப்பவர் விட்டுக்கொடுக்கவேண்டும். மற்ற இடங்களில் பழகியவர்கள் வெளிவட்டத்தில் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். உள்ளேயிருந்து ஒருவர் உரிமையோடு குறுக்கே வருவார்.

அமெரிக்காவில் ரவுண்டானா குறைவு. அதற்குப் பதிலாக நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை வைத்த சந்திப்புகள். இதை முதல் தடவை பார்த்தபோது நகராட்சி தவறுதலாக வைத்துவிட்டது என்றே நினைத்தேன். எல்லோரையும் நிற்கச் சொன்னால் யார்தான் போவது? விதி ரொம்ப எளிமை. முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்து நின்றால் வலப்பக்கம் இருப்பவர் போவார். சட்டம் சொல்வதைவிட அங்கே நடப்பது அழகு. வந்து நிற்கும்போதே தனக்கு முன்னால் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் வரிசை போட்டு வைத்துக்கொள்கிறார்கள். நான் மரியாதையாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, என் முறை வந்தபோது எதிரே இருந்தவருக்குக் கை காட்டினேன். அவர் எனக்குக் கை காட்டினார். நான் மறுபடியும் காட்டினேன். முதலில் நீங்கள், இல்லை முதலில் நீங்கள் என்று பந்தியில் உபசாரம் செய்வது மாதிரி. இடப்பக்கம் இருந்த பெண்மணி பொறுமை இழந்து கிளம்ப, அதே நொடியில் எதிரே இருந்தவரும் கிளம்ப, இருவரும் நடுவில் வந்து சட்டென்று நின்றார்கள். என் மரியாதையால் வந்த வினை. அன்றிலிருந்து என் முறை வந்தால் போய்விடுகிறேன். இன்னொன்று: அங்கே நிற்பது என்றால் சக்கரம் முழுதாக நிற்கவேண்டும். ஆமை வேகத்தில் உருண்டு போவது நின்றதாகக் கணக்கில் வராது, போலீஸ் பார்த்தால் சீட்டுத்தான்.

சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பலாம் என்பதும் அங்கே எல்லா மாநிலங்களிலும் பொதுவிதி. முழுதாக நின்று, பார்த்து, யாரும் இல்லை என்றால் போகலாம். “சிவப்பில் திரும்பக்கூடாது” என்று பலகை இருந்தால் மட்டும் கூடாது. இது தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தபோது பின்னால் ஹாரன் அடித்து எனக்குப் பாடம் எடுத்தார்கள். சரி, கற்றுக்கொண்டாயிற்று என்று நினைத்தால், நியூயார்க் நகரத்தில் நேர்மாறு. அங்கே பலகை அனுமதித்தால்தான் திரும்பலாம். கனடாவில் மான்ட்ரியால் தீவிலும் கூடாது. ஐரோப்பாவில் சிவப்பு என்றால் பொதுவாகச் சிவப்புத்தான். ஜெர்மனியில் சில சிக்னல்களுக்குப் பக்கத்தில் சின்னதாகப் பச்சை அம்புப் பலகை இருக்கும், அங்கே மட்டும் முழுதாக நின்றுவிட்டு வலப்பக்கம் திரும்பலாம். அமெரிக்காவில் இன்னொரு விதியை மறக்கவே கூடாது. மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மின்னவிட்டு நின்றால், பின்னால் வருகிறவர் மட்டுமல்ல, நடுவே தடுப்பு இல்லாத சாலை என்றால் பெரும்பாலும் எதிரே வருகிறவரும் நிற்கவேண்டும். குழந்தை எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்குத் தெரியும்? பல நாட்டு விதிகளைப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நெதர்லாந்தில் நான் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்கவேண்டியது சைக்கிள்களை. வலப்பக்கம் திரும்பும்போது, பக்கத்துப் பாதையில் நேரே போகும் சைக்கிளுக்குத்தான் முன்னுரிமை. அவர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. அந்தப் பிரெஞ்சுப் பாட்டியின் அதே நம்பிக்கை. சாலையின் குறுக்கே வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக வரைந்திருக்கும், அவற்றைச் சுறாப்பல் என்றே சொல்கிறார்கள். பல்லின் கூர் உங்களை நோக்கி இருந்தால் நீங்கள்தான் வழிவிடவேண்டும். இதை ஒருமுறை கேட்டுவிட்டால் மறக்கவே மறக்காது. மெல்பர்னில் டிராமுக்கு வழிவிடுவதற்காக ஒரு விசித்திரம் வைத்திருக்கிறார்கள். நகர மையத்தில் சில சந்திப்புகளில் வலப்பக்கம் திரும்புவதற்கு இடப்பக்க ஓரத்தில் போய் நிற்கவேண்டும். சந்திப்புக்குள் நுழைந்து, இடது ஓரத்தில் காத்திருந்து, குறுக்குச் சாலைக்குப் பச்சை விழும்போது முழு அகலத்தையும் கடந்து வலப்பக்கம் திரும்பவேண்டும். பலகையில் படம் போட்டுத்தான் இருக்கிறது. படத்தைப் பார்த்த பிறகும் என் கால் நம்ப மறுத்தது.

நியூசிலாந்திலும் ஐஸ்லாந்திலும் ஒரு வண்டி மட்டும் போகும் பாலங்கள் நிறைய. நியூசிலாந்தில் இரண்டு அம்புகள் போட்ட பலகை இருக்கும். உங்கள் திசை அம்பு சிறிதாகச் சிவப்பாக இருந்தால் நின்று எதிரே வருகிறவரை விடவேண்டும். ஐஸ்லாந்தில் எந்த அம்பும் இல்லை. பாலத்துக்கு யார் கிட்டே இருக்கிறாரோ அவர் முதலில். அதை இரண்டு பேரும் தூரத்திலிருந்தே கண்ணால் அளந்து ஒத்துப்போகவேண்டும். ஒரு மாலை, மேகம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்த நேரம், எனக்கும் எதிரே வந்த ஜீப்புக்கும் நடுவே சரியாக அந்தப் பாலம். இருவரும் வேகத்தைக் குறைத்தோம். அவர் ஹெட்லைட்டை ஒருமுறை மின்னவிட்டார்.

இப்போது சொல்லுங்கள், அந்த மின்னலுக்கு என்ன அர்த்தம்? “நீ வா” என்பதா, “நான் வருகிறேன், நில்” என்பதா? பிரிட்டனில் பேச்சுவழக்கில் அது “நீங்கள் போங்கள்” என்ற பெருந்தன்மை. ஆனால் அந்த நாட்டு அதிகாரபூர்வ விதிநூலின்படி, நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டுமே விளக்கை மின்னவிடலாம், வேறெதற்கும் கூடாது. கடலைத் தாண்டிப் பிரான்ஸுக்குள் போனால் அதே மின்னல் “வழியை விடு” என்ற மிரட்டல். ஒரே விளக்கு, நேரெதிர் அர்த்தம், இரண்டு டன் இரும்பு. நான் ஓரம் கட்டிவிட்டேன். ஜீப்காரரும் ஓரம் கட்டியிருந்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஆளில்லாத பாலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இடதா வலதா என்ற பிரச்சினையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போகிறேனே என்று நினைப்பீர்கள். உலகத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மக்கள் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இருக்கிறார்கள். மாற்றி ஓட்டுவது கஷ்டம் என்பார்கள். முழு நாடுகளே ஒரே நாளில் மாறியிருக்கின்றன. ஸ்வீடன் 1967 செப்டம்பர் 3 விடிகாலையில் இடத்திலிருந்து வலத்துக்கு மாறியது. 4:50 மணிக்குச் சாலையில் இருந்த எல்லா வண்டிகளும் நின்றன. மெதுவாக மறுபக்கம் நகர்ந்தன. 5 மணிக்குக் கிளம்பின. அதற்கு 12 வருஷம் முன்னால் மக்களிடம் வாக்கெடுத்தபோது 100-க்கு 83 பேர் மாற்றமே வேண்டாம் என்றிருந்தார்கள். ஆனால் பக்கத்து நாடுகளான நார்வேயும் பின்லாந்தும் வலப்பக்கம். ஸ்வீடனிலேயே பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங் இடப்பக்கம்தான் இருந்தது. 1978 ஜூலை 30 அன்று ஜப்பானின் ஒகினாவா வலத்திலிருந்து இடத்துக்கு வந்தது. 2009-இல் சமோவாவும் அப்படியே மாறியது, ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் மலிவாகக் கார்களை வரவழைக்கலாம் என்று.

ஸ்வீடனில் மாறிய உடனே விபத்துகள் கூடவில்லை, குறைந்தன. எல்லோருக்கும் பயம், அதனால் எல்லோரும் பார்த்து ஓட்டினார்கள். பழகிப் பயம் தெளிந்ததும் இரண்டு வருஷத்துக்குள் எண்ணிக்கை பழைய நிலைக்கு வந்துவிட்டது. பயணிக்கும் இதேதான் நடக்கிறது, இரண்டு வருஷத்துக்குப் பதில் இரண்டு நாளில். முதல் நாள் நான் பக்கத்தைத் தவறவே விடவில்லை. தோள் வலிக்கும் அளவுக்கு விறைப்பாக உட்கார்ந்து ஓட்டினேன். மூன்றாம் நாள் காலை ஆறு மணி. பெட்ரோல் போட்டுவிட்டு, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே, காலிச் சாலையில் திரும்பினேன். சாலையில் ஒரு வண்டி இருந்திருந்தால் அதைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருப்பேன். யாரும் இல்லை. கை அதன்பாட்டுக்குப் பழைய பக்கத்துக்குப் போய்விட்டது. முன்னூறு மீட்டர் போனபிறகு ஒரு பலகையின் முதுகு தெரிந்தது. ஏன் இந்தப் பலகை எனக்கு முதுகைக் காட்டுகிறது என்று யோசித்த அந்த நொடியில் உடம்பு முழுக்கச் சில்லிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று பெரியவர்கள் சொன்னதைச் சாலையில் யாரும் சோதித்துப் பார்க்கவேண்டாம்.

அதற்கு எனக்குக் கிடைத்த மருந்து ஒன்று: ஓட்டுகிறவன் எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்கவேண்டும், பக்கத்து சீட்டுக்காரர் ஓரத்தில். அந்தந்த நாட்டுக் காராக இருந்தால் இது பெரும்பாலும் பலிக்கும். மியான்மரில் பலிக்காது. அங்கே 1970-இல் வலப்பக்கத்துக்கு மாறிவிட்டார்கள், ஆனால் ஓடுகிற கார்களில் ஏராளமானவற்றில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. ஓவர்டேக் செய்ய ஓட்டுநருக்கு எதிரே ஒன்றும் தெரியாது. அமெரிக்க வர்ஜின் தீவுகளில் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், கார்களோ அமெரிக்காவிலிருந்து வந்த இடது ஸ்டியரிங் கார்கள். அங்கே என் மருந்தை எடுத்துக்கொண்டால் நேரே போய் மோதவேண்டியதுதான்.

எல்லை தாண்டும்போது பக்கம் மாறுவதுகூடப் பரவாயில்லை. தாய்லாந்துக்கும் லாவோஸுக்கும் நடுவே மெகாங் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால், லாவோஸ் கரையில் சிக்னல் வைத்துப் பக்கம் மாற்றிவிடுகிறார்கள். ஏதோ நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் மாறுவதுதான் ஆபத்து. வடக்கு அயர்லாந்திலிருந்து அயர்லாந்துக் குடியரசுக்குள் போகும்போது கதவு இல்லை, காவல் இல்லை. அதே பச்சை, அதே ஆடுகள். ஆனால் மைல் போய்க் கிலோமீட்டர் வந்துவிடும். அயர்லாந்து 2005 ஜனவரியில் வேகப் பலகைகளைக் கிலோமீட்டருக்கு மாற்றிவிட்டது. பலகையில் 80 என்று பார்த்துவிட்டு மைல் என்று நினைத்தால் அது 129 கிலோமீட்டர் வேகம். இதைப்போலவே, வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை. பிரிட்டனில் அதைப் பார்த்தால் பொது வேக வரம்பு என்று பொருள், சாதாரணச் சாலையில் மணிக்கு 60 மைல். ஜெர்மன் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய அதே பலகையைப் பார்த்தால் முன்னால் சொன்ன வரம்பெல்லாம் ரத்து. அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் மிதிக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். அங்கே 130 கிலோமீட்டரைப் பரிந்துரை வேகமாக வைத்திருக்கிறார்கள். வலப்பக்கமாக ஓவர்டேக் செய்யக்கூடாது. பெட்ரோல் தீர்ந்து நடுவழியில் நின்றால் அதற்கும் அபராதம், ஏனென்றால் அந்தச் சாலையில் நிற்பதே கூடாது, டேங்கைப் பார்த்து நிரப்பியிருக்கவேண்டியது உங்கள் பொறுப்பு.

காகித விஷயத்தையும் சில சில்லறை விதிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்பது தனி லைசென்ஸ் அல்ல, உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மட்டுமே. அசலும் கையில் இருக்கவேண்டும். லைசென்ஸ் கொடுத்த நாட்டில்தான் அதை வாங்கவேண்டும், அதனால் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். அதில் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி ஒன்று, 1968 வியன்னா ஒப்பந்தப்படி இன்னொன்று. ஜப்பான் 1949-இன்படி கொடுத்ததை மட்டுமே ஏற்கும். சீனா எதையுமே ஏற்காது, அங்கே தற்காலிக லைசென்ஸ் எடுக்கவேண்டும். ஜப்பானில் ரயில்வே கேட் திறந்திருந்தாலும் ஒவ்வொரு கடவையிலும் நின்று பார்த்துத்தான் போகவேண்டும். அவர்களுடைய ஸ்டாப் பலகை எண்கோணம் இல்லை, தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம். ரத்தத்தில் மது வரம்பு இங்கிலாந்தில் 0.08 சதவீதம், அதே சாலையில் ஸ்காட்லாந்துக்குள் போனால் 0.05, ஸ்வீடனில் 0.02, செக் நாட்டிலும் ஹங்கேரியிலும் பூஜ்யம். ஜப்பானில் குடித்தவரின் வண்டியில் தெரிந்தே ஏறியவருக்கும் தண்டனை உண்டு.

அபராதத்தில் பின்லாந்து தனி ரகம். பெரிய வேக மீறலுக்கு அங்கே சம்பளத்தைப் பார்த்து அபராதம் போடுகிறார்கள். 2023-இல் ஒரு பணக்காரர் 50 கிலோமீட்டர் இடத்தில் 82-இல் போய் 1,21,000 யூரோ கட்டினார். என்னுடைய அபராதம் அவ்வளவு கௌரவமானதல்ல. இத்தாலியில் ஒரு பழைய நகரத்தின் மையத்துக்குள் தங்குமிடம் தேடி நுழைந்தேன். அங்கே பல நகரங்களில் பழைய பகுதிக்குள் அனுமதியில்லாத வண்டிகள் போகக்கூடாது. சிவப்பு வட்டம் போட்ட பலகை இருக்கும், மேலே கேமரா. அன்றைக்கு ஒரு தெரு தவறி, சுற்றி வந்து, மறுபடியும் அதே கேமராவுக்கு முகம் காட்டியிருக்கிறேன். ஊர் திரும்பி எல்லாவற்றையும் மறந்தபிறகு, ஐந்தாறு மாதம் கழித்து, இரண்டு கடிதங்கள் வந்தன. அதற்கும் முன்பே, என் முகவரியைத் தேடிக் கொடுத்ததற்காக வாடகைக் கார் நிறுவனம் கார்டிலிருந்து தனியாகக் கட்டணம் எடுத்திருந்தது. இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து இரண்டு கட்டணம்.

ஜெர்மனியில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். நெடுஞ்சாலையில் இடது லேனில் இருந்தேன். தூரத்தில் பிரேக் விளக்குகள் சிவந்தன. ஆம்புலன்ஸ் சத்தம் இல்லை, நீல விளக்கு இல்லை, என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. வண்டிகள் நடைவேகத்துக்கு வந்தன, அவ்வளவுதான். இடது லேனில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் இடது தடுப்பை ஒட்டி ஒதுங்கினார்கள். மற்ற லேன்காரர்கள் அத்தனை பேரும் வலப்பக்கம் ஒதுங்கினார்கள். தலைவாரி வகிடு எடுத்தது போல, கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாலை இரண்டாகப் பிளந்துகொண்டது. அந்த வகிட்டின் நடுவே நான் மட்டும். வலப்பக்கம் நின்ற லாரிக்காரர் கண்ணாடியை இறக்கி, இரண்டு விரலை இடப்பக்கம் அசைத்தார். கோபமாக இல்லை, அவசரமாகவும் இல்லை.

நெரிசல் தொடங்கும்போதே அந்த வழியைத் திறந்து வைக்கவேண்டும், சத்தம் கேட்டபிறகு ஒதுங்கக்கூடாது என்பது அங்கே சட்டம். நான் இண்டிகேட்டரைப் போட்டேன். இந்தத் தடவை இண்டிகேட்டரேதான். தடுப்புக் கம்பிக்கும் என் காரின் கண்ணாடிக்கும் நடுவே கை நுழையாத அளவுக்கு ஒட்டி நிறுத்தினேன். ஏழு நிமிஷம் எதுவும் வரவில்லை. யாரும் அந்தக் காலி வழியில் ஒரு அடி முன்னால் நகர்ந்து இடம் பிடிக்கவில்லை.

“யாருக்காக இப்படி நிக்கிறாங்க?” என்றாள் மனைவி.

அப்புறம்தான் பின்கண்ணாடியில் நீலம் தெரிந்தது.